ஆறுதலா

பதினொரு நாட்டுக் கொடிகளைப்
பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டி முடித்தபோது
பசை தீர்ந்துவிட்டது.
என் நாட்டுக் கொடி பட்டியலில் இல்லை.
நான் தொண்டர் இல்லை,
கிளிநொச்சியில் சோலார் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்தவள்.
விசாவில் இன்னும் ஏழு மாதம் மிச்சம்.
தமிழும் தெரியும், இங்கிலீசும் தெரியும்,
லீவும் இருக்கிறது என்று
முகாம் நடத்துகிற கஜரூபன் கூட்டிவந்து
ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இறக்கிவிட்டான்.
கழுத்தில் ஓர் அட்டை: மொழிபெயர்ப்பு.

தமிழ் தெரியும் என்பதுதான் சிக்கல்.

முதல் நாள் காலை
குசினி வாசலில் நின்று லோசனியக்கா சொன்னார்:
"அவையள வடிவாச் சாப்பிடச் சொல்லுங்கோ."
அழகாகச் சாப்பிடுங்கள் என்றேன் இங்கிலீசில்.
கொரியாக்காரி ஹேவோன் முதுகை நிமிர்த்தினாள்.
கென்யாவின் ஓதியம்போ மீசையைத் துடைத்துக்கொண்டார்.
"ஆறுதலாச் சாப்பிடட்டும்."
ஆறுதல் கொள்ளுங்கள், சாப்பிடுங்கள் என்றேன்.
ஜெர்மன் பையன் லென்னார்ட்
புட்டைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தி
யார் இறந்தது என்று கேட்டான்.

விளாத்திகுளத்தில் ஆறுதல் என்றால்
சாவு வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது.
இங்கே அது மெதுவாக. அவ்வளவுதான்.
கஜரூபன் சிரித்த சிரிப்பில்
தேத்தண்ணி அவன் சட்டையெல்லாம்.
அந்த ஒரு பகிடியிலேயே மூன்று நாள் ஓடிற்று.
சிமெந்து குழைக்கும்போது ஆறுதலா,
கக்கூசுக்கு வரிசையில் நிற்கும்போது ஆறுதலா.

காலியிலிருந்து வந்திருந்தாள் திலினி.
லோசனியக்கா அவளுக்கு ஒன்று சொன்னால்
என் வாய்க்குள் போய், மெதுவான இங்கிலீசாகி
அவளிடம் போய்ச் சேரும்.
ஒரே நாட்டு அடையாள அட்டை இரண்டு பேரிடமும்.
நடுவில் வேற்று நாட்டுப் பாஸ்போர்ட்டோடு நான்.

கிணற்றடியிலிருந்து கழிப்பறை வரை
குழாய் பதிக்க நாற்பது மீட்டர் வெட்ட வேண்டும்.
கண்ணிவெடி அகற்றியாயிற்று என்ற கடிதம்
அதிபரின் அறையில், சட்டம் போட்டு,
சாதாரணதரப் பெறுபேறுகளுக்குப் பக்கத்தில் தொங்கியது.
லென்னார்ட் அதையும் படம் பிடித்தான்.

நான்காம் நாள், பதினொரு மணி வெயில்.
அவன் மண்வெட்டி ணங்கென்றது.
கடிதம் இருந்தும்
எல்லாக் கைகளும் நின்றன.

ஓர் அலுமினியச் சட்டி.
மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.
திரும்பி வந்து அவிழ்க்கப்போகிற ஆள்தான்
அப்படி முடிச்சுப் போட முடியும்.

லோசனியக்கா தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்தார்.
குனிந்து பார்த்தார்.
"எங்கட சட்டி இதிலும் பெரிசு" என்றார்.
பிறகு, யாரிடம் என்றில்லாமல்,
"எல்லாரும் தாட்டுப்போட்டுத்தானே போனனாங்கள்."
தாட்டு என்ற சொல் எனக்குப் புதிது.
குழி திறந்து கிடந்ததால்
அகராதி தேவைப்படவில்லை.

லென்னார்ட் கம்பியைப் பிடித்து இழுத்தான்.
"ஆறுதலாத் திறக்கட்டும் பிள்ளை."

பதினொரு நாடும் என் முகத்தைப் பார்த்தது.
மெதுவாக என்பதற்கு இங்கிலீசில் சொல் உண்டு.
மற்றதற்கும் உண்டு.
இரண்டில் எதையும் எடுக்காமல்
அட்டையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.
திலினிதான் குழிக்குள் இறங்கி
அவன் மணிக்கட்டில் கையை வைத்து
"ஆறுதலா" என்றாள். தமிழில்.

உள்ளே ஒரு பொலித்தீன் பை.
பைக்குள் பள்ளித் தேர்ச்சி அறிக்கை ஒன்று,
கூழாகியிருந்தது, பெயர் வாசிக்க வரவில்லை.
அதற்கடியில் கரண்டிகள்.
லோசனியக்கா ஒவ்வொன்றாக எடுத்து
முந்தானையில் போட்டு எண்ணினார்.
"ஆறு பேர்."
ஆறு பேர் என்றேன்.
அந்த வாரத்தில் நான் பிசகில்லாமல் சொன்ன வாக்கியம்.

பகல் சாப்பாடு அன்று மூன்று மணிக்கு.
கரண்டிகளை ஹேவோனிடம் கொடுத்து
"வடிவாக் கழுவோணும்" என்றார் அக்கா.
அழகாக என்றேன்.
யாரும் திருத்தவில்லை.
அவள் சாம்பலும் பொச்சும் கேட்டு வாங்கி
கிணற்றடியில் குந்தினாள்.

குழாய்க்கு இன்னும் பதினேழு மீட்டர்.